அநகாரிக தர்மபாலரும் புத்தகயைப் பெருங்கோயிலும்

தம் முன்னோர் வழிபட்ட இடத்துக்குள் நுழைவதற்குப் பிறரிடம் இசைவு கேட்டு வாயிலில் நிற்பது எத்தகைய நிலை என்பதை நம் சமுதாயத்தினருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கோயில் வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்ட தலைமுறைகளின் வழிவந்தவர் நாம். ஆனால், உலகெங்கும் கோடிக்கணக்கான மக்கள் போற்றும் புத்தர் பெருமானின் தலைமைத் திருக்கோயிலிலேயே, அப்பெருமானைப் பின்பற்றுவோர் உரிமையிழந்து நின்ற காலமும் ஒன்று இருந்தது. இதனை நம் இளைஞருள் பலர் அறியார். அந்நிலையை மாற்றுவதற்காகத் தம் குடும்பச் செல்வத்தையும் இல்வாழ்வையும் துறந்து, 42 ஆண்டுகள் இடையறாது உழைத்த பெருமகனார் ஒருவர் உண்டு. அவரே அநகாரிக தர்மபாலர்.

அவர் வழக்குமன்றத்தில் தோற்றார். அரசின் துணையை நாடி ஏமாற்றமடைந்தார். எந்தக் கோயிலுக்காக வாழ்ந்தாரோ அக்கோயிலின் உரிமையைத் தம் வாழ்நாளில் பெற்றாரில்லை. எனினும் அவர் பணி வீண்போகவில்லை. நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், ஒரு தலைமுறையில் முடியாத பணியை எவ்வாறு தொடங்குவது, அதனை அடுத்த தலைமுறையின் கையில் எவ்வாறு ஒப்படைப்பது என்பதை அறிந்துகொள்ள அவருடைய வாழ்க்கை நமக்கு ஏற்றதொரு பாடமாகும்.

கோயிலின் பழமை

பீகார் மாநிலத்தில் கயை நகருக்குத் தெற்கே, நிரஞ்சனை ஆற்றங்கரையை அடுத்து அமைந்துள்ளது புத்தகயை. ஆறாண்டுகள் கடுந்தவம் புரிந்து உடல் நைந்த சித்தார்த்தர், உடலை வருத்துவதால் உண்மை புலப்படாது என்று தெளிந்து, சுசாதை என்னும் பெண் அளித்த பாற்சோற்றை ஏற்று, ஆங்கிருந்த அரசமரத்தின் அடியில் அமர்ந்து மெய்யறிவு பெற்றார் என்பது பௌத்த மரபு.

மாமன்னர் அசோகர் தாம் முடிசூடிப் பத்தாண்டுகள் ஆனபின் இவ்விடத்துக்கு வந்ததைத் தம் கல்வெட்டில் பொறித்துள்ளார். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் முதன்முதலாக இங்கு வழிபாட்டிடம் அமைத்தவரும் அவரே என்பர். மரத்தடியில் உள்ள வச்சிராசனம் என்னும் மெருகேற்றிய கற்பலகை அக்காலத்தது. கோயிலைச் சூழ்ந்த கல்வேலியின் பழைய பகுதி கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியது. இன்று வானளாவி நிற்கும், ஏறத்தாழ 55 மீட்டர் உயரமுள்ள செங்கற் கோயிலின் அமைப்பு கி.பி. ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளைச் சார்ந்தது. நம் நாட்டில் முற்றிலும் செங்கல்லால் எழுப்பப்பட்டு இன்றும் நிலைத்திருக்கும் மிகப் பழைய கோயில்களுள் இதுவும் ஒன்று.

இது பல நாட்டாரும் கூடிய இடமாகவும் விளங்கிற்று. சீனப் பயணி பாகியான் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், யுவான் சுவாங் ஏழாம் நூற்றாண்டிலும் வந்து வணங்கினர். சமுத்திரகுப்தர் காலத்தில் இலங்கை மன்னர் மேகவர்ணர், தம் நாட்டுப் பிக்குகள் தங்குவதற்காக இங்கு ஒரு விகாரை எழுப்பினார். பர்மிய மன்னர்கள் பழுது பார்க்கும் பணிகளுக்குப் பொருளும் ஆட்களும் அனுப்பினர்.

பின்னர் வீழ்ச்சிக் காலம் வந்தது. படையெடுப்புகளும், அரசர் ஆதரவு குன்றியதும், வைதிக மதங்களின் எழுச்சியும் ஒருங்கு சேர்ந்து பௌத்த சங்கத்தை நிலைகுலையச் செய்தன. 1234ஆம் ஆண்டளவில் திபெத்திலிருந்து வந்த தர்மசுவாமி என்னும் துறவி கண்ட காட்சி நெஞ்சை உருக்குவது. நான்கே பிக்குகள் அங்கு எஞ்சியிருந்தனர். கருவறையில் இருந்த புத்தர் திருமேனியைக் காப்பதற்காக வாயிலைச் செங்கல்லால் அடைத்துச் சுதை பூசி, அதன்மேல் மகேசுவரர் உருவத்தை எழுதி வைத்திருந்தனர். தம் தெய்வத்தைக் காப்பாற்ற வேறொரு தெய்வத்தின் உருவத்துக்குப் பின்னே மறைக்க வேண்டிய நிலை! பின்னும் சில நூற்றாண்டுகள் கழித்து, 1590ஆம் ஆண்டில் கமண்டி கிரி என்னும் சைவத் துறவி அவ்வூரில் வந்து தங்கி மடம் ஒன்றை நிறுவினார். அவர் வழிவந்த மடத் தலைவர்களை மகந்து என்று அழைப்பர். நாளடைவில் பெருநிலக்கிழார்களாக வளர்ந்த மகந்துகளின் ஆளுகைக்குள் கோயிலும் வந்து சேர்ந்தது.

சின்னங்கள் உணர்த்துவன

தர்மபாலர் இக்கோயிலின்பால் ஏன் உயிரையே வைத்தார் என்பதை அறிய, அங்குள்ள சின்னங்களின் பொருளை நாம் ஓரளவேனும் உணர்தல் வேண்டும்.

முதலாவது அரசமரம்.  மனிதன் ஒருவன் தன் முயற்சியால் மெய்யறிவு பெற்றான் என்பதற்கு அது சாட்சி. அசோகரின் மகள் சங்கமித்திரை அதன் கிளையை இலங்கைக்குக் கொண்டுசென்று அனுராதபுரத்தில் நட்டார். புத்தகயையில் நின்ற மரம் 1876ஆம் ஆண்டில் சாய்ந்தது. தொல்லியல் அறிஞர் அலெக்சாந்தர் கன்னிங்காம் 1881ஆம் ஆண்டில் அவ்விடத்தில் இளங்கன்றை நடச்செய்தார். மரம் பட்டாலும் அதன் வழித்தோன்றல் தழைக்கும் என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

இரண்டாவது வச்சிராசனம். தொடக்கக்கால பௌத்தர் புத்தருக்கு உருவம் சமைத்தாரில்லை. வெற்றிருக்கை, திருவடிச் சுவடு, மரம், அறவாழி ஆகியவற்றையே அவருடைய குறிகளாகப் போற்றினர். நம் மணிமேகலைக் காப்பியத்திலும் மணிபல்லவத் தீவில் உள்ள புத்த பீடிகையே வணங்கப்படுகின்றது. வெற்றிருக்கைக்குப் பிறப்பும் குலமும் இல்லை. அவ்விருக்கையை எய்தும் வழி மக்கள் யாவர்க்கும் பொது.

மூன்றாவது, கருவறையில் உள்ள திருமேனியின் கை. அது பாலர் காலத்துக் கருங்கற் சிலை. வலக்கை தாழ்ந்து நிலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். மாரன் என்னும் தீய ஆற்றல் வந்து, இவ்விருக்கையில் அமர உனக்கு என்ன தகுதி, உனக்குச் சாட்சி யார் என்று அறைகூவியபோது, சித்தார்த்தர் வானத்தையோ தேவரையோ அழைக்கவில்லை. நிலத்தைத் தொட்டு, நிலமே சாட்சி என்று காட்டினார் என்பது மரபு. தகுதிக்குச் சான்று கேட்டு நம்மை வாயிலில் நிறுத்தியோர்க்கு, இம்மண்ணில் உழைத்த உழைப்பே சான்று என்று நாம் உரைக்கும் விடையும் இதுவன்றோ!

நான்காவது, கோயிலின் பக்கத்தில் உள்ள மணிநடை. மெய்யறிவு பெற்றபின் ஏழு வாரங்கள் புத்தர் அச்சூழலிலேயே தங்கினார் என்றும், அவற்றுள் ஒரு வாரம் உலவியபடியே சிந்தித்தார் என்றும் கூறுவர். அவர் அடிவைத்த இடங்களைக் கல்லால் ஆன தாமரைகள் குறிக்கின்றன. சேற்றில் தோன்றியும் சேறு ஒட்டாத தாமரை, பிறந்த இடத்தைக்கொண்டு எவரையும் மதிப்பிடலாகாது என்பதற்கு அடையாளம்.

ஐந்தாவது, கல்வேலி. அதில் யானை, தாமரை, நான்கு குதிரை பூட்டிய தேரில் வரும் கதிரவன் முதலிய சிற்பங்களோடு, கொடை அளித்தோர் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. குரங்கி என்னும் அரசகுலப் பெண்மணியின் பெயர் பல தூண்களில் காணப்படுகின்றது. ஒரு பெண் தன் பெயராலேயே கொடை வழங்கி அதனைக் கல்லில் எழுதவும் செய்தாள் என்பது, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பௌத்தம் பெண்ணுக்கு அளித்த இடத்தை விளக்கும்.

பிறப்பும் கல்வியும்

1864ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் கொழும்பு நகரில், டான் கரோலிஸ் ஹேவாவிதாரண என்னும் மரச்சாமான் வணிகருக்கும் மல்லிகா அம்மையாருக்கும் மகனாகத் தோன்றியவர் தர்மபாலர். பெற்றோர் இட்ட பெயர் டான் டேவிட். பௌத்தக் குடும்பமாயினும் கிறித்தவப் பெயர் சூட்டியதற்குக் காரணம் உண்டு. அக்காலத்து இலங்கையில் கல்வியும் அரசுப் பணியும் பெரும்பாலும் கிறித்தவ நிறுவனங்களின் வழியாகவே கிட்டின.

சிறுவர் டேவிட்டும் கிறித்தவப் பள்ளிகளிலேயே பயின்றார். விவிலியத்தின் பல பகுதிகளை மனப்பாடமாகக் கற்றார். ஆயினும் வீட்டில் தாயார் ஊட்டிய பௌத்தப் பற்று மாறவில்லை. வைசாகத் திருநாளன்று தமக்கு விடுமுறை வேண்டுமெனக் கேட்டார்; தலைமையாசிரியர் மறுத்தார். மாணவர் குடையையும் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மறுநாள் பிரம்படி விழுந்தது. அதன் பின்னரும் வைசாக நாளில் அவர் பள்ளிக்குச் செல்லவில்லை. 1883ஆம் ஆண்டில் கொட்டாஞ்சேனையில் பௌத்தரின் ஊர்வலம் தாக்கப்பட்டபோது, தந்தையார் மகனைக் கிறித்தவப் பள்ளியிலிருந்து விலக்கிக்கொண்டார்.

பின்னர் அவர் நூலகங்களில் தாமாகவே படித்தார். கல்வித் துறையில் எழுத்தர் பணியும் கிடைத்தது. அப்பணியில் நிலைத்திருந்தால் வளமான வாழ்வு வாய்த்திருக்கும். ஆனால் அவர் மனம் வேறு வழி சென்றது.

ஆல்காட்டுடன் மாட்டு வண்டிப் பயணம்

1880ஆம் ஆண்டில் அமெரிக்கரான கர்னல் ஆல்காட்டும், பிளாவட்ஸ்கி அம்மையாரும் இலங்கைக்கு வந்து காலி நகரில் பஞ்சசீலம் ஏற்றனர். வெளிநாட்டார் இருவர் பௌத்தத்தை மதித்து ஏற்றது இலங்கை மக்களுக்குப் புத்துணர்ச்சி ஊட்டியது. இளைஞர் டேவிட் அவர்கள்பால் ஈர்க்கப்பட்டு, 1884ஆம் ஆண்டில் சென்னை அடையாறுக்கு வந்தார். மறைபொருள் ஆராய்ச்சியில் நாட்டங்கொண்டு வந்த அவரைப் பாலி மொழி கற்று மக்கட்பணி புரியுமாறு பிளாவட்ஸ்கி அம்மையார் நெறிப்படுத்தினார்.

1886ஆம் ஆண்டில் ஆல்காட்டு இலங்கையில் பௌத்தப் பள்ளிகளுக்கு நிதி திரட்டப் புறப்பட்டபோது, தர்மபாலர் அரசுப் பணியைத் துறந்து அவருக்கு மொழிபெயர்ப்பாளராகச் சென்றார். மாட்டு வண்டியிலேயே ஊர் ஊராகச் சென்று, அதிலேயே உறங்கி, மக்களைக் கூட்டிப் பேசிப் பள்ளிகள் திறக்கப் பொருள் ஈட்டினர். ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளுக்குத் தானே பள்ளி நடத்தினாலன்றித் தலைநிமிராது என்பதை அப்பயணமே அவருக்குக் கற்பித்தது. டான் டேவிட் என்ற பெயரை நீக்கித் தர்மபாலர் என்ற பெயரையும் அக்காலத்தில் ஏற்றார். அறத்தைக் காப்பவர் என்பது அதன் பொருள். வீடற்றவர் என்னும் பொருள்படும் அநகாரிக என்ற அடைமொழியும் சேர்ந்தது. பிக்குவாகத் துவராடை புனையாமலும், இல்லறத்தில் புகாமலும், மணமின்றி மக்கள் நடுவே உழைக்கும் புதியதொரு வாழ்க்கை முறையை அவர் வகுத்துக்கொண்டார்.

1891ஆம் ஆண்டின் உறுதி

ஆசியச் சோதி என்னும் புகழ்பெற்ற ஆங்கிலக் காவியத்தை இயற்றிய எட்வின் ஆர்னால்டு, புத்தகயையைக் கண்டு அதன் இழிநிலையைப் பற்றி இதழ்களில் எழுதியிருந்தார். அவற்றைப் படித்த தர்மபாலர், ஜப்பானியப் பிக்கு கோசென் குணரத்தினருடன் 1891ஆம் ஆண்டு சனவரி 22ஆம் நாள் புத்தகயையை அடைந்தார்.

ஆங்கில அரசு 1880ஆம் ஆண்டு தொடங்கிக் கோயிலின் கட்டடத்தைப் பழுதுபார்த்து முடித்திருந்தது. கோபுரம் நிமிர்ந்து நின்றது. ஆனால் விளக்கேற்றவோ அறம் உரைக்கவோ ஒரு பிக்குவும் அங்கில்லை. சிற்பங்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. வச்சிராசனத்தில் நெற்றியை வைத்து வணங்கிய அந்நொடியில், இவ்விடத்தைக் காக்கும் பிக்குகள் வந்து சேரும்வரை இங்கிருந்து அகலேன் என்று அவர் உள்ளத்தில் உறுதி பூண்டார். அப்போது அவருக்கு வயது 26.

பர்மிய மன்னர் கட்டியிருந்த சத்திரத்தில் தங்கினார். கையிலிருந்த பொருள் கரைந்துகொண்டே வந்தது. இலங்கைக்கும் பர்மாவுக்கும் இந்திய நண்பர்களுக்கும் கடிதம் கடிதமாக எழுதினார். பின்னர் கொழும்புக்குத் திரும்பி, அதே ஆண்டு மே 31ஆம் நாள் மகாபோதி சங்கத்தை நிறுவினார். இக்கடுவ சுமங்கல நாயக தேரர் அதன் தலைவர். தர்மபாலர் பொதுச் செயலாளர். சூலைத் திங்களில் நான்கு பிக்குகளைப் புத்தகயைக்கு அழைத்து வந்தார். அக்டோபரில் பல நாட்டுப் பௌத்தர் பங்கேற்ற மாநாட்டை அங்கேயே கூட்டினார். சங்கத்தின் பணியிடம் 1892இல் கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் மகாபோதி என்னும் ஆங்கில இதழும் தொடங்கப்பெற்றது. பசித்திருந்த நாள்களிலும் இதழுக்குரிய அஞ்சல் செலவை அவர் நிறுத்தவில்லை என்பர். மன்றத்தில் உரிமை இல்லாதவனுக்கு இதழே மன்றம் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

1893ஆம் ஆண்டில் சிகாகோவில் நடந்த உலகச் சமயப் பேரவையில் தேரவாத பௌத்தத்தின் சார்பாளராக அவர் உரையாற்றினார். விவேகானந்தர் பேசிய அதே பேரவைதான் அது. திரும்பும் வழியில் ஹொனலுலு துறைமுகத்தில் கப்பல் நின்றபோது மேரி ஃபாஸ்டர் என்னும் அம்மையார் அவரைக் காண வந்தார். அன்று தொடங்கிய அறிமுகம், பின்னாளில் பள்ளிகளும் மருத்துவமனையும் விகாரைகளும் எழக் காரணமாயிற்று. அவ்வம்மையார் வாரி வழங்கிய பொருளில் தர்மபாலர் தமக்கென ஒன்றும் வைத்துக்கொண்டாரில்லை.

வழக்குமன்றத்தில் கோயில்

இதற்கிடையே புத்தகயையில் நிலைமை கடுமையாயிற்று. 1892இல் பதவிக்கு வந்த புதிய மகந்து கிருஷ்ண தயாள் கிரி பௌத்தர்களின் வருகையை விரும்பவில்லை. 1893ஆம் ஆண்டில் சத்திரத்தில் இருந்த பிக்குகள் தாக்கப்பட்டனர். கோயிலினுள் இருந்த புத்தர் திருமேனியின் நெற்றியில் வைணவக் குறி இடப்பட்டு, ஆடை போர்த்தப்பட்டது. பல நூற்றாண்டுகளுக்கு முன் பிக்குகள் தாமே சுவர் எழுப்பி மறைத்த திருமேனி, இப்போது திறந்த வாயிலிலேயே அடையாளம் மாற்றப்பட்டு மறைக்கப்பட்டது.

ஜப்பானிய பௌத்தர்கள், ஏறத்தாழ 700 ஆண்டுகள் பழமையான அழகிய புத்தர் சிலை ஒன்றைப் புத்தகயையில் வைப்பதற்கென்று தர்மபாலரிடம் அளித்திருந்தனர். 1895ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் காலையில், பிக்குகளுடன் சென்று, கோயிலின் மேல்தளத்தில் அச்சிலையை வைத்து அவர் வணங்கினார். மகந்துவின் ஆட்கள் திரண்டு வந்து கூச்சலிட்டனர். தர்மபாலர் எதிர்த்துக் கைகலக்காமல் தியானத்தில் அமர்ந்தார். அவர் கண்முன்னே சிலை அகற்றப்பட்டுக் கீழே முற்றத்தில் வைக்கப்பட்டது.

வழிபாட்டுக்கு இடையூறு விளைத்த குற்றத்துக்காக வழக்கு நடந்தது. கயை மாவட்ட நீதிபதி மக்பர்சன், மகந்துவின் ஆட்கள் மூவருக்கு ஒரு மாதச் சிறையும் தண்டமும் விதித்தார். ஆனால் கல்கத்தா உயர்நீதிமன்றம் அதே ஆண்டில் அத்தண்டனையை நீக்கிற்று. கோயில் மகந்துவின் கைவசத்தில் இருப்பதால், அவர் இசைவின்றிப் புதிய சிலை வைக்கத் தர்மபாலருக்கு உரிமை இல்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். வழிபடலாம், ஆனால் உடைமை இல்லை!

ஜப்பானியச் சிலை பர்மியச் சத்திரத்தில் வைக்கப்பட்டது. கர்சன் பிரபு ஆளுநர் தலைவராக இருந்தபோது 1903இல் உடன்பாடு காண முயன்றார், கைகூடவில்லை. 1906இல் மகந்து தொடர்ந்த வழக்கின் முடிவாக, 1910இல் பௌத்தர்கள் அச்சத்திரத்தையும் விட்டு வெளியேற நேர்ந்தது. 19 ஆண்டுகள் போராடியபின், கையில் இருந்த சிறு இடமும் போயிற்று. வேறொருவராயின் ஓய்ந்திருப்பார்.

தமிழகத்தில் மூண்ட சுடர்

இக்காலத்திலேயே தமிழகத்தில் நம் முன்னோர் மற்றொரு கோணத்தில் இதே கேள்வியை எழுப்பினர். பண்டிதர் அயோத்திதாசர், தாழ்த்தப்பட்டோர் எனப்பட்டவர் பண்டைப் பௌத்தர்களே என்றும், தம் சமயத்தை விட்டுக்கொடுக்க மறுத்தமையால் இழிவு சுமத்தப்பெற்றனர் என்றும் வாதிட்டார். 1898ஆம் ஆண்டில் அவர் ஆல்காட்டின் துணையை நாடினார். அவ்வாண்டு தர்மபாலரும் சென்னைக்கு வந்து நம் மக்களைச் சந்தித்தார். பின்னர் அயோத்திதாசர், ஆசிரியர் கிருஷ்ணசாமியாருடன் கொழும்பு சென்று, மகாபோதி சங்கத்தின் தலைவராகிய அதே சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினார். சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தோன்றியது. கோலார் தங்கவயல், பெங்களூர், இரங்கூன் எனத் தமிழ் உழைப்பாளர் வாழ்ந்த ஊர்களில் எல்லாம் அதன் கிளைகள் பரவின. 1907இல் தொடங்கிய ஒரு பைசாத் தமிழன் இதழ் அவ்வியக்கத்தின் குரலாயிற்று. தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கென 1894இல் அடையாற்றில் ஆல்காட்டு திறந்த பள்ளியும் இக்காலத்துப் பேறே.

பேராசிரியர் இலட்சுமி நரசு எழுதிய பௌத்தத்தின் சாரம் என்னும் ஆங்கில நூல் 1907இல் வெளிவந்தது. அதற்கு முன்னுரை எழுதியவர் தர்மபாலர். அந்நூலின் மூன்றாம் பதிப்பை 1948இல் தம் முன்னுரையுடன் வெளியிட்டவர் அண்ணல் அம்பேத்கர். ஒரு நூலின் வழியே கொழும்பும் சென்னையும் நாகபுரியும் இணைந்த வரலாறு இது.

உண்மை வரலாறு எழுதுவோர் ஒருவருடைய குறையையும் மறைத்தலாகாது. இலங்கையில் தர்மபாலர் சிங்கள மக்களுக்குத் தன்மதிப்பு ஊட்டினார். நெசவுப் பள்ளி நிறுவினார். தாய்மொழி இதழ் நடத்தினார். ஆயினும் அவ்வுணர்ச்சியின் வேகத்தில் அங்கு வாழ்ந்த முஸ்லிம்களையும் தமிழர்களையும் அயலாராகக் கருதிக் கடுஞ்சொற்களை எழுதினார். பின்னாளில் அத்தீவில் வளர்ந்த இனப்பகைக்கு அச்சொற்களும் உரமாயின. எவ்வுயிர்க்கும் அன்பு செய்யச் சொன்ன அறத்தை, ஓரினத்தின் வேலியாக ஆக்குவது பிழை. இழந்ததை மீட்போர், மீட்கும்போது மற்றொருவரை வெளியே தள்ளலாகாது என்பதை நாம் இதனின்று கற்றுக்கொள்ள வேண்டும்.

சாரநாத்தில் இறுதி ஆண்டுகள்

1915ஆம் ஆண்டில் இலங்கையில் மூண்ட கலவரத்தையொட்டி ஆங்கில அரசு அவரைக் கல்கத்தாவிலேயே பல ஆண்டுகள் காவலில் வைத்தது. அவர் தம்பியார் எட்மண்டு யாழ்ப்பாணச் சிறையில் உயிர்நீத்தார். இத்துயரங்களுக்கு நடுவிலும் அவர் தளராது 1920இல் கல்கத்தாவில் தர்மராசிக விகாரையை எழுப்பினார். பின்னர், புத்தர் தம் முதல் அறவுரையை நிகழ்த்திய சாரநாத்தில் மூலகந்தகுடி விகாரையைக் கட்டலானார். புத்தகயையில் தமக்கு மறுக்கப்பட்ட இடத்தை எண்ணி இருந்துவிடாமல், தம்மால் கட்டக்கூடிய இடத்தில் கட்டினார். 1931ஆம் ஆண்டு நவம்பரில் அவ்விகாரை திறக்கப்பெற்றது. சாரநாத்தில் பள்ளியும் நூலகமும் எழுந்தன. பேரறிஞர் இராகுல சாங்கிருத்தியாயன் போன்றோரும் மகாபோதி சங்கத்தின் நிழலில் பணிபுரிந்தனர்.

1931இல் துறவு பூண்டு, 1933ஆம் ஆண்டு சனவரியில் முழுமையான பிக்குவாகி, தேவமித்த தர்மபாலர் என்னும் பெயர் ஏற்றார். அதே ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் சாரநாத்தில் மறைந்தார். வீடுபேற்றை வேண்டாமல், புத்தரின் அறத்தைப் பரப்ப இந்திய மண்ணிலேயே மீண்டும் மீண்டும் பிறக்க வேண்டும் என்பதே அவருடைய இறுதி விருப்பமாக இருந்தது.

மறைவுக்குப் பின்

அவர் விதைத்த விதை பின்னர் முளைத்தது. 1949ஆம் ஆண்டில் பீகார் சட்டமன்றம் புத்தகயைக் கோயில் சட்டத்தை இயற்றிற்று. 1953ஆம் ஆண்டு மே 28ஆம் நாள், வைசாகப் பௌர்ணமியன்று, கோயில் மகந்துவின் கையிலிருந்து ஆட்சிக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்குழுவில் பௌத்தர் நால்வர், இந்துக்கள் நால்வர். மாவட்ட ஆட்சியர் தலைவர். ஆட்சியர் இந்துவாகவே இருத்தல் வேண்டும் என்றிருந்த விதி 2013இல் திருத்தப்பட்டது. கோயில் 2002இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது. ஆயினும் ஆட்சிப் பொறுப்பு முழுமையும் பௌத்தரிடமே இருத்தல் வேண்டும் என்ற கோரிக்கை ஓயவில்லை. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் புத்தகயையில் பிக்குகள் உண்ணாநோன்பு தொடங்கினர். தர்மபாலர் எழுப்பிய கேள்வி நூற்றாண்டைக் கடந்தும் உயிரோடு இருக்கின்றது.

அதனினும் பெரியதொரு விளைவு உண்டு. 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் பல இலட்சம் மக்களோடு பௌத்தம் தழுவியபோது, தர்மபாலரின் மாணவரும் மகாபோதி சங்கத்தின் பொதுச் செயலாளருமான தேவப்பிரிய வலிசிங்கர் அங்கு இருந்தார். ஒரு கோயிலைப் பெறத் தோன்றிய சங்கம், மக்கள் கூட்டம் ஒன்று தன் மானத்தைப் பெற்ற நாளில் சான்றாக நின்றது.

இளைஞர்களே!

தர்மபாலரின் வாழ்வை ஊன்றி நோக்குங்கள். தீர்ப்பு எதிராக வந்த நாளிலும் அவர் இதழ் வெளிவந்தது. சத்திரத்தை இழந்தபின்னும் அவர் பள்ளிகளையும் விகாரைகளையும் எழுப்பினார். தாம் காண முடியாத நாளுக்காகக் கணக்கெழுதி, கடிதமெழுதி, உறுப்பினர் சேர்த்து, ஒரு சங்கத்தை நிலைநிறுத்திச் சென்றார். தனி மனிதர் எத்துணைச் சிறந்தவராயினும் ஒரு நாள் மறைவார். முறையாக நடைபெறும் சங்கமோ அவர் பணியைச் சுமந்து செல்லும்.

நம் சங்கமும் அத்தகையதே. மாலைப் பள்ளியில் அரிச்சுவடி கற்கும் ஒரு சிறுமி, கல்லூரிக் கட்டணத்துக்கு உதவி பெறும் ஒரு மாணவன், மாதந்தோறும் தவறாது சந்தா செலுத்தும் ஒரு தொழிலாளி ஆகிய இவர்களே நம் கல்வேலியின் தூண்கள். குரங்கியின் பெயரைப் போல் இவர்கள் பெயர் கல்லில் பொறிக்கப்படாமற் போகலாம். ஆயினும் அடுத்த தலைமுறை தலைநிமிர்ந்து நடக்கும்போது, புத்தர் பெருமானுக்குச் சாட்சி நின்ற அந்நிலமே இவர்களுக்கும் சாட்சி நிற்கும்.

வாழ்க தர்மபாலர் புகழ்! வளர்க நம் கல்விப் பணி!